கண்ணுக்கு அம்மா எழுதுவது

கண்ணு,

போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். தறி ஓடுகிறது, கூலிதான் ஏறவில்லை. பொள்ளாச்சிக்காரர்கள் ஜாதகம் பொருந்துகிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது கிடக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியது பதினோரு நிமிடம். ஒன்பது தடவை இருமினாய். அதற்கு முந்தைய வாரம் ஏழு. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். சரி, ஏசியாகவே இருக்கட்டும். வீடியோவில் வருவதை ஏன் நிறுத்தினாய்? மெலிந்துவிட்டாயா? சாயங்காலம் காய்ச்சல் மாதிரி வருகிறதா? ராத்திரி வேர்த்து பனியன் நனைகிறதா? கேட்டால், "அங்கன்வாடிப் பாடத்தை என்கிட்ட ஆரம்பிக்காதேம்மா" என்பாய்.

ஆரம்பிக்கத்தான் போகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் விடாமல் இருந்தால், டி.பி.யா என்று பார்க்கச் சளி டெஸ்ட் எடுக்க வேண்டும். நம் தெருவில் யார் இருமினாலும் பிடித்து அனுப்புகிறவள் நான். நான் அனுப்பிய நாலு பேர் மருந்து முடித்து நன்றாக இருக்கிறார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. என் பிள்ளை மெடிக்கலில் சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டு திருவல்லிக்கேணி மேன்சனில் கிடக்கிறான்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போ, காசு கேட்க மாட்டார்கள். அங்கேயே ஒரு சளி, மறுநாள் காலையில் எழுந்ததும் ஒரு சளி. எச்சிலைத் துப்பி டப்பாவை நிரப்பாதே, நெஞ்சிலிருந்து வர வேண்டும். இப்போது மெஷின் வந்துவிட்டது. கிருமி இருக்கிறதா, முக்கியமான மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதை இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது.

அந்த அறையில் ஐந்து பேர். ஏசிக்காகச் சன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறீர்கள். இருமும்போது வருகிற நுண்ணிய துளி காற்றிலேயே மிதக்கும், அடைத்த அறையில் மணிக்கணக்காக நிற்கும். சன்னலைத் திறந்து வை. வாயைத் துணியால் மூடி இருமு. தட்டு, டம்ளர், துண்டால் எல்லாம் இது பரவாது.

டம்ளர் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது.

உன் அத்தை போன வாரம் வந்திருந்தார். வழக்கம்போலப் பையிலிருந்து அவருடைய எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தண்ணீர் மொண்டு குடித்தார். இருபது வருடத்துக்கு மேலாகிறது. நானும் ஒரு தடவைகூட, "நம்ம வீட்டு டம்ளரிலேயே குடிங்க நங்கை" என்று சொன்னதில்லை. நீ சின்ன வயதில் கேட்டிருக்கிறாய், அத்தைக்கு மட்டும் ஏன் தனி டம்ளர் என்று. அவருக்கு அதுதான் ராசி என்றேன்.

2003-ல் அவர் இருமிக்கொண்டு வந்து நம் பின்னறையில் படுத்தது உனக்கு லேசாக ஞாபகம் இருக்கும். உனக்கு நாலு வயது. என்ன நோய் என்று தெரியாமல் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் நீ அவர் மடியில்தான் கதை கேட்டுத் தூங்கினாய். இருமல் சத்தம் தெருவுக்குக் கேட்கக்கூடாது என்று அந்த அறைச் சன்னலை ஆணி அடித்துச் சாத்தியவள் நான்.

டி.பி. என்று தெரிந்ததும் உன் அப்பத்தா, "பெருந்துறை சானட்டோரியத்தில் விட்டுவிடலாம்" என்றார். டாக்டர் வேண்டாம் என்றார். 1956-லேயே மெட்ராஸில் பாதி நோயாளிகளைச் சானட்டோரியத்திலும் பாதிப் பேரை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்களாம். வீட்டில் இருந்தவர்களும் அதே மாதிரி குணமானார்கள், கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாக வரவும் இல்லை. நீ இருக்கிற ஊரில்தான், சேத்துப்பட்டில் அந்த ஆராய்ச்சி நிலையம் இன்றும் இருக்கிறது. அத்தை ஒன்று விட்டு ஒரு நாள் போய் மாத்திரை விழுங்கினார் (இப்போது தினமும்). முதல் நாள் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்து ரத்தம் என்று அலறினார், பாவம். அது மருந்தின் நிறம்.

மருந்து ஆரம்பித்துச் சில வாரத்திலேயே பிறருக்குப் பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும். அப்போதுதான் நான் தட்டைப் பிரித்தேன், டம்ளரைப் பிரித்தேன், உன்னைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆபத்து இருந்தபோது மடியில் விட்டுவிட்டு, அது போன பிறகு பிரித்திருக்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது. இதை உன் அப்பாவுக்கும் சொன்னதில்லை.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது என்று சுகாதார நிலையத்திலிருந்து ஒருவர் வந்தார். உன் எடையைப் பார்த்து ஐசோனியாசிட் மாத்திரை கொடுத்தார். தினமும் ஒன்று, ஆறு மாதம், நோய் வராமல் தடுக்க. எனக்கு அப்போதுதான் அங்கன்வாடி வேலை கிடைத்திருந்தது. டீச்சர் பையனே டி.பி. மாத்திரை சாப்பிடுகிறான் என்று தெரிந்தால் யார் என்னிடம் பிள்ளையை அனுப்புவார்கள்? ஒரு வாரம் கொடுத்தேன். மிச்சத்தைப் பிரித்துக் காளிங்கராயன் வாய்க்காலில் போட்டேன். அவர் திரும்பி வந்து கேட்டபோது காலி அட்டையைக் காட்டி, "போட்டாச்சுங்க" என்றேன். நோட்டில் டிக் அடித்துவிட்டு, "நீங்களே எங்களுக்கு முன்மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

1882-ல் ராபர்ட் கோக் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்த நாள் என்று ஒவ்வொரு மார்ச் 24-ம் தேதியும் எங்களை உறுதிமொழி வாசிக்கச் சொல்வார்கள். நானும் வாசிப்பேன்.

உள்ளே போன கிருமி பல வருடம் தூங்கும். அப்படிக் கிருமி உள்ளே தூங்குகிற நூறு பேரில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது நோயாகும், அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்தில். இதைச் சொல்லித்தான் ராத்திரியில் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். சின்னக் குழந்தைகளுக்கு அந்தக் கணக்கு கூடுதல் என்பதையும் பயிற்சியிலேயே சொல்லிவிட்டார்கள்.

உனக்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஒருவேளை ஏற்கெனவே டெஸ்ட் எடுத்து, தெரிந்துகொண்டு, பொள்ளாச்சிக்காரர்களுக்காக மறைக்கிறாயா? மறைக்கிற புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்கு வாய் இல்லை. மாத்திரை ஆரம்பித்திருந்தால் ஆறு மாதத்தையும் முடி. நன்றாகிவிட்டது என்று நடுவில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் கணக்கில் போடுவார்கள், வாங்கிக்கொள், வெட்கப்படாதே. முட்டை சாப்பிடு. சன்னலைத் திறந்து வை. பொள்ளாச்சியில் நான் பேசிக்கொள்கிறேன்.

அத்தையிடம் மட்டும் உன் இருமலைச் சொன்னேன். மாத்திரை விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "பையனை ஏசாதே, கூடப் போய் நில்லு" என்றார். வெள்ளிக்கிழமை ஏற்காடு எக்ஸ்பிரஸில் எனக்கு ஒரு டிக்கெட் போடு. விடியும் முன்னே சென்ட்ரலுக்கு வந்துவிடும், நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், பனியில் நிற்காதே. ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்து போவோம். ஈரோட்டிலிருந்து சென்னைக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்றால் உன் அப்பா நம்ப மாட்டார், வேறு ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா