ஐடென்டிட்டி கார்டுக்கும் ஒரு பெட் குடுங்க: அறுகம்பே ஹாஸ்டல் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையோட கிழக்குக் கரைல, சர்ஃபிங்குக்குப் பேர்போன அறுகம்பேல ஹாஸ்டல் நடத்துற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நான் சென்னைக்காரி. பேக்பேக் மாட்டிக்கிட்டு, ஒரே ரூம்ல பல பேர் ஆளுக்கொரு பெட்டுல படுக்குற டார்ம் டார்மா தங்கி ஊர் சுத்துறவ. போன ஆகஸ்ட்ல உங்க ஊருக்கு வந்தேன், கூட வந்தவ மட்டக்களப்புப் பொண்ணு, சென்னைல என்கூட காலேஜ் படிச்சவ. மட்டக்களப்புல பஸ் ஏறி கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில்னு கடலோரமாவே வந்து பொத்துவில்ல இறங்கி, த்ரீவீல் புடிச்சு அந்தப் பாலத்தைத் தாண்டுறப்போ நல்லா இருட்டிப்போச்சு. ரெண்டு பெட்டும் என் பேர்லதான் புக் பண்ணிருந்தேன். ரிசப்ஷன்ல என் பாஸ்போர்ட்ட வாங்கிப் பார்த்துட்டு சாவி எடுத்துட்டாங்க, அப்புறம் அவ தன்னோட இலங்கை ஐடென்டிட்டி கார்ட நீட்டினா, அந்தத் தம்பி அதைக் கையில வாங்கவே இல்ல.

"அக்கா, லோக்கல் ஆக்களுக்கு டார்ம் குடுக்கிறல்ல, முதலாளிட ரூல்."

தரையப் பார்த்துக்கிட்டேதான் சொன்னான். அவனே பொத்துவில் பையன். அந்த ரூல்படி அவனுக்கும் அங்க பெட் கிடையாது.

நான் சண்டை போட ஆரம்பிச்சேன், அவ என் கையப் புடிச்சு "சரி விடு, வா போவம்"னு வெளிய கூட்டிட்டு வந்துட்டா. அடுத்து கேட்ட இடத்துலயும் அதே பதில். கடல் தாண்டாம, விமானம் ஏறாம மூணு நாலு மணி நேரத்துல தன்னோட சொந்தக் கரைக்கு வந்தவளுக்கு இடமில்ல, வெளிநாட்டுலேர்ந்து வந்த எனக்கு இருக்கு. அந்த ராத்திரி ரோட்டுல பேக்கோட நின்னப்போ எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகல. கடைசில கெஸ்ட்ஹவுஸ் வச்சிருந்த ஒரு உம்மாதான் ரூம் குடுத்து, பிளேன் டீயும் போட்டுக் குடுத்தாங்க, கார்டு பாஸ்போர்ட் எதையும் முதல்ல கேக்கல.

அவளோட அம்மம்மா கதிர்காமத்துக்கு நடந்தே போனவங்க. பொத்துவில், பாணமை, உகந்தை முருகன் கோயில், அப்புறம் குமண காட்டுக்குள்ள இறங்குற அந்தப் பாத யாத்திரைப் பாதை. நம்ம கூகுள் மேப்ல பீனட் ஃபார்ம், ஒகந்தனு சர்ஃப் ஸ்பாட்டா தேடுற கரையெல்லாம் அவ சின்ன வயசுலேர்ந்து கதையா கேட்ட இடங்க. 2004 சுனாமி அந்தக் கரைய என்ன பண்ணுச்சுனு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, அவ வீட்டுலயும் அதுல ஆள் போயிருக்கு.

உங்க பக்கத்துக் காரணத்தையும் கேட்டேன். லோக்கல் பசங்க கூட்டமா வந்து குடிச்சுட்டு வெளிநாட்டுப் பொண்ணுங்கள முறைக்கிறாங்க, ரிவ்யூ கெட்டுப்போகுதுன்னு சொன்னாங்க. அந்தப் பயம் எனக்குப் புரியுது, நானும் தனியா டார்ம்ல படுக்குற பொண்ணுதானே. ஆனா ஒண்ணு சொல்லணும், இத்தன வருஷத்துல டார்ம்ல எனக்கு ராத்திரி தொந்தரவு குடுத்த ஆளு பாஸ்போர்ட் காட்டி செக்கின் பண்ணி வந்தவன்தான். தப்பு பண்றவன வெளிய அனுப்புற ரூல் போடுங்க, பொண்ணுங்களுக்கு தனி டார்ம் வைங்க, லாக்கர் குடுங்க, வேணும்னா எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி டெபாசிட் வாங்குங்க. மட்டக்களப்புலேர்ந்து வர்ற ஒரு டீச்சரும் குடிச்சுட்டு வர்ற கும்பலும் ஒண்ணா?

இலங்கை அரசியலமைப்பு 12(3)ல கடை, உணவகம், ஹோட்டலுக்குள்ள போறதுக்கு இனம், மதம், மொழி, சாதி, பால்னு பார்த்து யாரையும் தடுக்கக் கூடாதுன்னு இருக்கு. குடியுரிமைங்கிற வார்த்தை அந்த வரில இல்லங்கிறத வச்சு இது சரின்னு ஆகிடுமா? 2024 பிப்ரவரில உனவட்டுனல வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு ஒரு பார்ட்டி அறிவிச்சப்போ நாடே கொதிச்சு அது ரத்தாச்சு. உங்க ரிசப்ஷன்ல நடக்குறது அதே விஷயம்தான், சத்தமில்லாம நடக்குது.

பொழப்புனு பார்த்தாலும் யோசிங்க. மே-லேர்ந்து அக்டோபர் வரைக்கும்தான் அலை, காத்து மாறினதும் சர்ஃப் போர்டத் தூக்கிட்டு எல்லாரும் தெற்குக் கரைக்கு, வெலிகம, ஹிக்கடுவனு போயிடுறாங்க. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அப்புறம் கொரோனா, அப்புறம் 2022ல பெட்ரோல் கூட இல்லாத காலம், 2024 அக்டோபர்ல அமெரிக்கத் தூதரகம் அறுகம்பேக்குப் போகாதீங்கன்னு எச்சரிச்ச வாரம், இதுல ஒவ்வொரு தடவையும் வெளிநாட்டு ஆளுங்க பேக்க கட்டிட்டாங்க. அப்போ எல்லாம் உங்க கடைல கொத்து ரொட்டி சாப்பிட வந்தது யாரு?

அந்த ராத்திரிக்கு மறுநாள் காலைல, புதுசா சர்ஃப் கத்துக்கிறவங்க இறங்குற பேபி பாயிண்ட்ல சாஃப்ட் போர்டு வாடகைக்கு எடுத்து ரெண்டு பேரும் இறங்கினோம். சொல்லிக்குடுத்தது ஒரு உள்ளூர் தம்பி. நான் விழுந்துக்கிட்டே இருந்தேன், அவ நாலாவது அலைலயே எழுந்து நின்னுட்டா, கரைல மீன்வலை மடிச்சிட்டிருந்தவங்க கை தட்டினாங்க. அறுகம்பேலதான் 2018ல நாட்டோட முதல் பொண்ணுங்க சர்ஃப் கிளப் ஆரம்பிச்சாங்க, ஊர்ப் பொண்ணுங்க வீட்டுல எவ்வளவோ பேச்சு கேட்டு அந்த அலைக்கு வந்தாங்க. அப்படிப்பட்ட கரைல ஒரு கிழக்கு மாகாணப் பொண்ணுக்கு பங்க் பெட் இல்லேன்னு சொல்லாதீங்க.

வர்ற சீசன்ல நாங்க மறுபடி வர்றோம். இந்தத் தடவ ரெண்டு பெட்டும் அவ பேர்ல, அவ கார்டு நம்பர்ல புக் பண்ணுவோம். குடுப்பீங்களா மாட்டீங்களானு புக்கிங் பேஜ்லயே இப்பவே எழுதிடுங்க, ராத்திரில ரோட்டுல வச்சு சொல்லாதீங்க.