பழைய சர்வே எண்ணிலிருந்து புதிய எண்ணுக்கு வழி வேண்டி ஒரு மனு

அனுப்புநர்
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்
(பெயர், முகவரி இணைப்பில்)

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

பொருள்: ஸ்கேன் செய்யப்பட்ட பழைய நிலப் பதிவேடுகளைச் சர்வே எண் வாரியாக ஒன்றோடொன்று இணைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். எங்கள் தாலுகாவின் பழைய நிலப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். செல்லரிக்கவிருந்தவை தப்பித்தன, நன்றி. ஆனால் ஏற்றியதோடு வேலை நின்றுவிட்டது.

என் தந்தை 1962-இல் வாங்கிய நிலத்தின் கிரயப் பத்திரத்தில் இருப்பது பழைய சர்வே எண். அளவு ஏக்கர், சென்ட் கணக்கில் இருக்கிறது. சக்குபந்தியில், அதாவது நான்கு எல்லை விவரத்தில், உள்ள நால்வரில் ஒருவரும் இன்று இல்லை. பட்டாவிலோ யூ.டி.ஆர். என்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்ட (1979–1987) காலத்து உட்பிரிவு எண்ணும், ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கும் இருக்கின்றன. இரண்டும் ஒரே நிலம் என்று காட்ட, இடைக்காலப் பதிவேடுகள் தேவை.

அதைக் கேட்டுப் போனபோது ஒரே கோப்பைத் திறந்து காட்டினார்கள். 600 பக்கத்துக்கு மேல் இருந்தது. எந்தக் கிராமம் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு இல்லை. பக்கங்களின் பெயர் 'ஸ்கேன் 0001' என்று ஆரம்பித்து அப்படியே ஓடுகிறது. முன்பு பதிவறையில் இருந்த எழுத்தர், கட்டின் துணி நிறத்தைப் பார்த்தே எங்கள் ஊர்ப் பதிவேட்டை இழுத்துவிடுவார். இப்போது அந்த வசதியும் போயிற்று. இரண்டு நாள் பக்கம் பக்கமாகத் தள்ளி, மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தேன். அந்தப் பக்கமும் தலைகீழாக ஸ்கேன் ஆகியிருந்தது.

பெரிய மென்பொருள் எதுவும் நான் கேட்கவில்லை. ஒரு சர்வே எண்ணைத் தொட்டால் அதன் பழைய எண், செட்டில்மென்ட் (பழைய நிலவரித் திட்ட) பதிவேட்டில் அது உள்ள பக்கம், கிராமத்தின் சர்வே எண்களைப் பட்டியலிடும் யூ.டி.ஆர். 'அ' பதிவேட்டுப் பக்கம், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படம் எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும்படி இருந்தால் போதும். 'அ' பதிவேட்டிலேயே பழைய புல எண்ணுக்கு (சர்வே எண்ணுக்கு) ஒரு கலம் உண்டு. அந்த ஒரு கலத்தைத் தட்டச்சு செய்துவிட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. கோப்புகளுக்கும் கிராம எண், பதிவேட்டின் வகை, ஆண்டு, பக்கம் என்று பெயர் வைத்துவிடலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு பழைய எண் உடைந்து நாலைந்து உட்பிரிவுகள் ஆகியிருக்கலாம், இரண்டு சேர்ந்து ஒன்றாகியும் இருக்கலாம். ஒன்றுக்கு ஒன்று என்று பட்டியல் போட்டால் தப்பாகிவிடும். 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தில் வந்த கிராமங்களுக்குப் பைமாஷ் எண் (சர்வேக்கு முன்பிருந்த பழைய நில எண்) என்று இன்னொரு படியும் உண்டு. கையெழுத்துப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரே படித்துவிடும் என்று காத்திருக்கவும் முடியாது. அந்தக் கால எழுத்தர்களின் 1-க்கும் 7-க்கும் மனிதக் கண்ணே தடுமாறுகிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் பிரிவு 4(1)(அ), ஆவணங்களை வகைப்படுத்தி, அட்டவணையிட்டு, கணினிமயமாக்கி வலையமைப்பில் இணைக்கச் சொல்கிறது. ஸ்கேன் செய்தது அதில் முதல் படிதான்.

மாவட்டம் முழுவதும் ஒரேயடியாகச் செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. முதலில் எங்கள் ஒரு கிராமத்துக்குச் செய்து பார்க்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சரிபார்க்கும் வேலைக்கு நானும், ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவரும், ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவரும் ஊதியமின்றி வரத் தயார். அலுவலக நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரும், உட்கார ஒரு பெஞ்சும் கொடுத்தால் போதும்.

கிரயப் பத்திரம், பட்டா, நான் தேடி எடுத்த பதிவேட்டுப் பக்கம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)