ஒரு அட்டைகூட வைக்காமல் தேறிய உந்துபொருள்

அடையாறு, சென்னை

அன்புள்ள சேகர்,

கடிதம் வந்தது. பெண்ணுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். கத்திரி வெயில் முடிந்தும் சென்னை கொதிக்கிறது.

ராக்கெட் மோட்டாரின் திட உந்துபொருள் பற்றி நீ அனுப்பிய அறிக்கையைப் படித்தேன். ‘கேப் டெஸ்டில் (வெடி அதிர்ச்சியை அட்டைகள் வழியே செலுத்தும் சோதனை) ஒரு அட்டைகூட வைக்காமல் அடித்தும் டெட்டனேஷன் (ஒலியைவிட வேகமாகப் பாயும் வெடிப்பலை) இல்லை, ஆகவே 1.3 (தீ ஆபத்து வகை; மொத்தமாக வெடிப்பது 1.1), ஆகவே மோட்டாரும் டெட்டனேட் ஆகாது.’ முதல் இரண்டும் சரி. மூன்றாவதை அடித்துவிடு.

அந்தச் சோதனைக் குழாயின் உள்விட்டம் வெறும் 36.5 மி.மீ. பென்டோலைட் வெடிமருந்து வில்லைக்கும் மாதிரிக்கும் நடுவே 0.254 மி.மீ. அட்டைகளை அடுக்குகிறோம். அட்டை கூடக்கூட அதிர்ச்சி தளரும், 70 அட்டைதான் எல்லைக்கோடு, அத்தனை வைத்தும் டெட்டனேட் ஆனால் 1.1. மறுமுனையில் உள்ள எஃகுத் தகட்டில் சுத்தமாக ஓட்டை விழுந்தால் டெட்டனேஷன், வளைந்தோ கிழிந்தோ போனால் இல்லை. அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியம், எச்டிபிபி (பிணைக்கும் ரப்பர்) கலவை இதில் தேறத்தான் செய்யும். அதன் மாறுநிலை விட்டம், அதாவது டெட்டனேஷன் நீடிக்கத் தேவையான குறைந்தபட்ச விட்டம், குழாயைவிட எத்தனையோ மடங்கு பெரியது. பக்கவாட்டில் அழுத்தம் கசிவதால் அலை தானே அணைந்துவிடுகிறது. 1960களில் அமெரிக்காவின் சோஃபி திட்டத்தில் பெர்குளோரேட்–பிபிஏஎன் (இன்னொரு பிணைப்பு ரப்பர்) உருளை 60 அங்குல விட்டத்தில் அணைந்தது, 72 அங்குலத்தில் (சுமார் 1.8 மீட்டர்) டெட்டனேட் ஆனது. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏறும் பிஎஸ்எல்வி முதல் கட்டத்தின் விட்டமே 2.8 மீட்டர். உந்துபொருளின் நடுவில் நீளவாக்கில் குழி இருப்பதால் அந்த 72 அங்குல எண்ணை அப்படியே பொருத்தக் கூடாது, அலையைக் கிளப்பவும் பலமான அதிர்ச்சி வேண்டும். இருந்தாலும் ‘ஆகாது’ என்று எழுத 36.5 மி.மீ. குழாய் ஆதாரமில்லை.

இதைவிட எனக்குக் கவலை, சேதமடைந்த உந்துபொருள். விரிசலும் நுண்துளையும் விழுந்தால் எரிபரப்பு கூடும், அதிர்ச்சிக்கான உணர்திறனும் ஏறும். தரையில் மோதி நொறுங்கும் மோட்டாரில் நடப்பது இதுதான். எனவே நொறுங்குதன்மைச் சோதனையையும் சேர். 9 கிராம் மாதிரியை நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் எஃகுத் தகட்டில் அடித்து, துணுக்குகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, மூடிய கலத்தில் எரித்து அழுத்த உயர்வைப் பார். மில்லி விநாடிக்கு 15 மெகாபாஸ்கல் என்ற வரம்பு 1.6 வகைக்காக (மிகக் குறைந்த உணர்திறன் கொண்ட வெடிபொருள்கள்) வகுத்தது. ஒப்பிட்டுப் பார்க்க உதவும். குளிரவைத்த மாதிரியிலும், வயதேறிய மாதிரியிலும் செய். புது வார்ப்பில் மட்டும் செய்தால் பாதிதான் தெரியும்.

தூரக் கணக்கில் இதன் விளைவைப் பார். பிஎஸ்எல்வி முதல் கட்டத்தின் 138 டன் உந்துபொருளைக் கிலோவில் எடுத்தால் கனமூலம் சுமார் 51.7. குடியிருப்பிலிருந்து விட வேண்டிய தூரம் 1.3 என்றால் 6.4ஆல் பெருக்கி 330 மீட்டர், 1.1 என்றால் 22.2ஆல் பெருக்கி ஏறக்குறைய 1,150. கிடங்கில் சும்மா இருக்கும் மோட்டாருக்கு முதல் எண் போதும். அதே எண்ணை ஏவுதள விபத்துக்கும் போட்டிருக்கிறீர்கள், அங்கே விழுந்து மோதும் நிலையைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

குழியின் குறுக்குவெட்டுப் படத்தையும் வார்ப்பின் எக்ஸ்ரே முடிவுகளையும் அனுப்பிவை. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
ரகு