கண்ணாடி வைக்க இரண்டு பேர் வேண்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். மீன் தொட்டிக்கான மரப்பெட்டி நன்றாகவே வந்திருக்கிறது. மூலைகள் பிசகாமல் நிற்கின்றன. ஸ்க்ரூ தலைகளை உள்ளே இறக்கிப் பட்டி வைத்து மூடியிருக்கிறாய். உன் அண்ணனுக்கு இதில் பாதிப் பொறுமை கிடையாது. ஆனால் நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 450 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 450 கிலோ! மாடியில், அதுவும் வாடகை வீட்டில், இப்படி ஒன்றைக் கட்டுமுன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, கட்டிவிட்டாய். அறையின் நடுவில் வைக்காமல் சுவரை ஒட்டி வை.

எல்லாப் படமும் நள்ளிரவுக்கு மேல் எடுத்தது என்று அம்மா சொன்னாள். வேலை முடிந்து வந்து செய்கிறாள், வேறு எப்போது செய்வாள் என்றேன்.

இனி எப்பாக்ஸி, மரத்தில் தண்ணீர் இறங்காமல் பூசும் பிசின். அதை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றினால் சீக்கிரம் காயும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. டப்பாவில் போட்ட அளவுதான் அளவு. கூடினாலும் குறைந்தாலும் அது பிசுபிசுவென்றே நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கு. மொத்தமாகக் கலந்தால் கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும். காலையில் வெயில் ஏற ஏறப் பூசாதே. மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும்போது பூச்சில் ஊசி முனை அளவுக்குத் துளை விடும். சாயங்காலம் சூடு இறங்கும்போது பூசு. முதல் பூச்சு காய்ந்ததும் கையால் தடவிப் பார். சில எப்பாக்ஸியில் மெழுகு போல ஒரு படலம் படியும். தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, உப்புத்தாள் போட்ட பிறகுதான் அடுத்த பூச்சு. இதை விட்டால் பின்னால் தோல் உரிவது போல உரியும். உள் மூலைகளில் ஃபைபர்கிளாஸ் துணி வைத்துப் பூசு. பலகை அசைந்தால் முதலில் விரிசல் விடுவது அங்கேதான்.

கண்ணாடியை உள்பக்கமிருந்து வை. வெளியிலிருந்து ஒட்டினால் தண்ணீர் அதைப் பிடுங்கித் தள்ளப் பார்க்கும்; உள்ளிருந்து வைத்தால் அதே தண்ணீர் சட்டத்தோடு சேர்த்து அழுத்தும். விளிம்பு வரை நிரப்பினால் அந்த ஒரு கண்ணாடி மேல் மட்டும் 200 கிலோவுக்கு மேல் அழுத்தம். கண்ணாடியை ஒட்டும் சிலிகான் பசையில் பூசணம் தடுக்கும் மருந்து கலந்தது வேண்டாம், மீனுக்கு ஆகாது.

இதைத் தனியாகச் செய்யாதே. சிலிகான் இழுத்த சில நிமிடத்தில் மேலே ஏடு கட்டிவிடும். அதற்குள் கண்ணாடியைத் தூக்கி, சாய்க்காமல், இரண்டு முனையும் ஒரே நேரத்தில் படியும்படி இறக்க வேண்டும். இரண்டு பேர் கட்டாயம். மாப்பிள்ளை ஒரு பக்கம் பிடித்துக்கொள்வார் அல்லவா? ஒரு படத்திலும் அவரைக் காணோம். படம் எடுத்தது அவர்தான் போலிருக்கிறது. போன் பண்ணும்போதெல்லாம் வெளியே போயிருக்கிறார் என்கிறாய். வேலை அதிகமோ என்னவோ. விடுமுறை நாளாகப் பார்த்து வைத்துக்கொள்.

வைத்த பிறகு ஒரு வாரம் தொடாதே. சிலிகானின் வினிகர் வாடை முழுக்கப் போகட்டும். மீன் வாங்க அவசரமே இல்லை. முதலில் கால்வாசி நிரப்பி ஒரு நாள் விடு, பிறகு பாதி, பிறகு முழுக்க. மூட்டுகளுக்கு அடியில் காய்ந்த காகிதம் போட்டு வைத்தால் சொட்டு விழுந்தது தெரியும். எங்காவது கசிந்தால் மேலே இன்னொரு கோடு இழுத்து ஒப்பேற்றாதே. காய்ந்த சிலிகான் மேல் புது சிலிகான் சரியாகப் பிடிக்காது. பழசைச் சுத்தமாக வழித்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போடு. எவ்வளவு உழைத்திருந்தாலும் சரி, வழித்தெடுக்கத் தயங்காதே. அதற்காக உன்னை யாரும் குறை சொல்லப் போவதில்லை. நானும் அம்மாவும் சொல்ல மாட்டோம்.

இங்கே எல்லாரும் சுகம். அம்மா கால்வலி அப்படியேதான் இருக்கிறது. சின்ன அத்தை உங்கள் இருவரையும் விசாரித்தாள். நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லி வைத்தேன்.

கண்ணாடியைத் தனியாகத் தூக்காதே, மறுபடியும் சொல்கிறேன். தேதி முடிவானதும் எனக்குச் சொல், நான் வருகிறேன். மாப்பிள்ளை இருந்தால் மூன்று பேராகப் பிடிப்போம். இல்லாவிட்டால் நாம் இரண்டு பேர் போதும். அம்மாவிடம் மீன் தொட்டிக்காகப் போகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா