தொப்பி அணிந்த கோல்கீப்பர்

அன்பு மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல். 37 வயதில் புதிய வேலையில் சேர்வது கூச்சமாக இருப்பதையும், தலைமுடி கொட்டுவதையும் தொலைபேசியில் ஒரே மூச்சில் சொல்லி வருந்தினாய். அப்போதிருந்து, அதே வயதில் உன் லிவர்பூல் நகரின் கால்பந்து அணிக்கு வந்து சேர்ந்த நெட் டோயிக் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் என் நினைவில் நிற்கிறார்.

1866-இல் லெத்தம் என்னும் சிற்றூரில் பிறந்து, ஆர்பிரோத் அணிக்குக் கோல் காத்துப் பெயர் வாங்கிய அவரை, 1890-இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து அணி சேர்த்துக்கொண்டது. பதிவுக்காகக் காத்திருக்க வேண்டிய காலம் முடியும் முன்பே அவரைக் களமிறக்கியதற்காக அந்த அணிக்கு 2 புள்ளிகள் பறிபோயின. ஆனால் 1892, 1893, 1895, 1902 என நான்கு முறை அது இங்கிலாந்து லீக் பட்டம் வென்றபோது கோல் கம்பத்தின் கீழ் நின்றவர் அவரே என்பதால், அந்த நட்டத்தை எண்ணி யாரும் நெடுநாள் வருந்தியிருக்க மாட்டார்கள். தாய்நாட்டுக்காக அவர் ஆடியவை 5 ஆட்டங்களே. இங்கிலாந்துக் கழகங்களில் ஆடுவோரை 1896 வரை ஸ்காட்லாந்து தன் அணியில் சேர்க்காமல் இருந்தது. எனக்கு இது வெறும் வீம்பாகவே படுகிறது.

அவருக்கு வழுக்கை. அதை மறைக்கத் தொப்பி அணிந்து, அது பறந்துவிடாதபடி முகவாய்க்கட்டைக்குக் கீழே எலாஸ்டிக் பட்டை மாட்டியிருப்பார். கோல்கீப்பர்களுக்குத் தனி நிறச் சட்டை வந்ததே 1909-இல்தான். அதுவரை மற்றவர்களைப் போன்ற சட்டையோடு, பந்தைப் பிடித்த கணமே எதிரணியினர் விதிப்படியே தோளால் இடித்துத் தள்ளும் நெரிசலில் நிற்க வேண்டும். தொப்பி கழன்றால் பந்தை விட்டுவிட்டுத் தொப்பியைத்தான் துரத்துவார் என்று அவரைக் கேலி செய்வார்களாம்.

லிவர்பூல் அந்த லீகின் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்த 1904 செப்டம்பரில், 38-ஐ நெருங்கும் வயதில், அந்த அணிக்காக முதல் ஆட்டம் ஆடினார். அவ்வளவு மூத்த வயதில் அங்கே அறிமுகமானவர் வேறு எவரும் இல்லை. அந்தப் பருவத்திலேயே அணி முதலிடம் பெற்று மேலேறியது. மறு பருவத்தில் சாம் ஹார்டி என்ற இளைஞர் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டபோதும் டோயிக் விலகவில்லை. 1908-இல் 41 வயதில்தான் அந்த அணிக்கான கடைசி ஆட்டத்தை ஆடினார்.

1919-இல் ஸ்பானிஷ் ஃப்ளூ என்ற விஷக் காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. உன் ஊரிலுள்ள அன்ஃபீல்டு கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பு. காற்று குளிராக இருக்குமாம், தொப்பி போட்டுக்கொண்டு போகச் சொல்கிறாள் உன் அம்மா.

அன்புடன்,
அப்பா