டிக்கியில் இரண்டாவது பேட்டரி வைக்கும் முன்: கொங்கு வட்டாரக் கார் ஆடியோ கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் வட்டாரத்தில் கார் ஆடியோ மாட்டித் தரும் அண்ணன் தம்பிகளுக்கு வணக்கமுங்க.

பெருந்துறைப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். கடைகளில் ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்), ஊஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) மாட்டிக்கொண்டு போன வண்டிகளில் சில, பிறகு என் பட்டறைக்கு வருகின்றன. "ஏனுங்ணா, டிக்கியில இன்னொரு பேட்டரியும் வெச்சாச்சு, அப்பறமும் லைட்டு டிம் அடிக்குதுங்" என்கிறார்கள். பாட்டுக்காகவே பார்த்துப் பஸ் ஏறுகிற ஊருங்க நம்முடையது. நல்ல சத்தத்துக்கு ஆசைப்படுகிறவரிடம் தேவையில்லாத பேட்டரியை விற்று அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்கினால் உடனே பேட்டரியைச் சொல்கிறோம். கணக்கைப் பாருங்கள். 1,000 வாட் ஆர்எம்எஸ் (விடாமல் தரும் சக்தி) கொடுக்கும், கரண்டை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி ரக ஆம்ப், 80 சதவீதத் திறனில் ஓடினாலும் உள்ளே 1,250 வாட் இழுக்கும். 13.5 வோல்ட்டில் அது 90 ஆம்பியருக்கு மேல். திறன் குறைந்த கிளாஸ் ஏபி ரகம் என்றால் இன்னும் அதிகம். சின்னக் கார்களில், இன்ஜின் சுற்றும்போது கரண்ட் கொடுக்கும் ஆல்டர்னேட்டரின் முழுத்திறனே பெரும்பாலும் 100 ஆம்பியருக்குள்தான். ஐட்லிங்கில் அதுவும் வராது. ஏசி, ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட் எல்லாம் அதே ஆல்டர்னேட்டரில்தான் தொங்குகின்றன. பஸ்ஸில் இருப்பது 24 வோல்ட். அதே வாட்டுக்குக் காரின் 12 வோல்ட்டில் இரண்டு மடங்கு ஆம்பியர் ஓட வேண்டும் என்பதால், பஸ்ஸில் பார்த்த வயரிங்கைக் காருக்கு அப்படியே போட முடியாது.

இன்ஜின் ஓடும்போது லைனில் 14 வோல்ட்டுக்குப் பக்கம் நிற்கும். முழுச் சார்ஜில் சும்மா இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி 12.6 வோல்ட்தான். ஆகவே ஆல்டர்னேட்டர் மூச்சுத் திணறி வோல்டேஜ் கீழே விழுந்த பிறகுதான் பேட்டரி கை கொடுக்கும். கொடுத்ததைத் திரும்ப ஏற்றவும் அதே ஆல்டர்னேட்டர்தான் வேண்டும். காந்திபுரம், உக்கடம் என்று சிக்னல் சிக்னலாக நின்று போகும் வண்டியில் இரண்டு பேட்டரியும் அரைச் சார்ஜிலேயே கிடந்து, தகடுகளில் சல்பேட் ஏறிச் சாகும். கரூர் வெயில் வேறு அதைச் சீக்கிரமாக்கும். கரண்டைக் கொஞ்ச நேரம் தேக்கித் தரும் கப்பாசிட்டர் மாட்டலாமா என்றால், 1 ஃபாரட் கப்பாசிட்டர் 14.4-லிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது தருவது சுமார் 32 ஜூல். மேலே சொன்ன ஆம்புக்கு அது ஒரு நொடியில் சுமார் நாற்பதில் ஒரு பங்குக்குத்தான் காணும்.

முதலில் பார்க்க வேண்டியது வயரும் எர்த்தும். கிணற்று மோட்டாருக்கு ஆழம் கேட்டுக் கேபிள் சைஸ் சொல்கிற ஊரில், கார் ஆம்புக்கு மட்டும் ஏன் கையில் கிடைத்த வயரை இழுக்கிறோம்? 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 5 மீட்டர் நீளம், 90 ஆம்பியர் என்றால் பிளஸ் பக்கத்தில் மட்டும் அரை வோல்ட் காணாமல் போகும். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரில் முக்கால் வோல்ட்டுக்கு மேல் போகும். கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வாங்குகிறவர் கண் முன்னாலேயே சுரண்டிக் காட்டுங்கள். 35 சதுர மில்லிமீட்டர் நல்ல செம்பு போடுங்கள். ஆல்டர்னேட்டர் டு பேட்டரி பிளஸ், பேட்டரி மைனஸ் டு பாடி, இன்ஜின் டு பாடி ஆகிய மூன்று வயரையும் தடிமனாக மாற்றுங்கள். எர்த் போடும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி, தகடு பளிச்சென்று தெரிந்த பிறகு போல்ட் முடுக்குங்கள். பல வண்டிகளில் இதிலேயே லைட் மங்குவது நன்றாகக் குறைந்துவிடும். புது வண்டிகளில் பேட்டரி மைனஸில் கரண்ட் அளக்கும் சென்சார் இருந்தால், ஆம்பின் எர்த்தை டெர்மினலில் கொடுக்காமல் பாடியில் கொடுங்கள். இல்லாவிட்டால் எடுக்கும் கரண்ட் சென்சாருக்குத் தெரியாமல் சார்ஜிங் குழம்பும்.

சமீபத்தில் ஒரு வண்டியைப் பிரித்தபோது கை நடுங்கியது. பிளஸ் வயர் இன்ஜின் பக்கமிருந்து உள்ளே நுழையும் தகட்டு ஓட்டையில் ரப்பர் குரோமெட் (வயரைக் காக்கும் வளையம்) இல்லை. விளிம்பில் உரசி உரசி மேலுறை அறுந்து, அரை அங்குலத்துக்குச் செம்பு வெளியே தெரிந்தது. ஃபியூஸ் போட்டிருந்தார்கள், ஆனால் டிக்கியில், ஆம்பை ஒட்டி. அந்த வயர் தகட்டில் பட்டிருந்தால் ஃபியூஸுக்குத் தெரிந்திருக்காது, வயர் முழுக்கப் பழுத்து எரிந்திருக்கும். பின் சீட்டில் குழந்தைகள் உட்காருகிற வண்டிங்க அது. பேட்டரி பிளஸிலிருந்து ஒன்றரை அடிக்குள், வயர் தாங்கும் அளவுக்கு ஏற்ற ஃபியூஸ் இருக்க வேண்டும். இரண்டு பேட்டரி வைத்தால் இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் வரும்.

அதே வண்டியில் சீட்டுக்கு அடியில் சாதாரணத் தண்ணி பேட்டரி இருந்தது. சார்ஜ் ஏறும்போது அது ஹைட்ரஜன் விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். ஆள் உட்காரும் இடத்தோடு சேர்ந்த டிக்கியிலும் அதை வைக்கக் கூடாது. தண்ணி ஊற்ற வேண்டாத, மூடிய ஏஜிஎம் ரகப் பேட்டரி வையுங்கள், பட்டை போட்டு அசையாமல் கட்டுங்கள்.

இரண்டாவது பேட்டரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டு போடுகிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். மாரியம்மன் நோம்பியில் வண்டியை நிறுத்திப் பாட்டு வைப்பவர், பழனி பாதயாத்திரைக்குப் பின்னாலேயே வேன் ஓட்டுகிறவர் எல்லாம் அந்தக் கணக்கு. அவர்களுக்கு, ஆழமாக இறங்கி ஏறுவதைத் தாங்கும் டீப் சைக்கிள் ஏஜிஎம் கொடுங்கள். 100 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தால், சராசரி 20 ஆம்பியருக்கு இரண்டரை மணி நேரம் பாடும். நடுவில், இன்ஜின் நின்றதும் இரண்டு பேட்டரியையும் பிரித்துவிடும் ஐசொலேட்டர் இருந்தால் காலையில் செல்ஃப் எடுக்க முன் பேட்டரி தப்பும். பழைய பேட்டரியோடு புதியதையும், தண்ணி பேட்டரியோடு ஏஜிஎம்மையும் நேராகப் பேரலல் போடாதீர்கள்.

இப்போது லித்தியம் கேட்டு வருகிறார்கள். எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி எடை குறைவு, வோல்டேஜும் எளிதில் விழாது, நல்ல சரக்குதான். ஆனால் அதை லெட் ஆசிட்டோடு வெறுமனே இணைத்தால், உள் எதிர்ப்பு குறைவென்பதால் ஆல்டர்னேட்டரிலிருந்து கிடைத்ததையெல்லாம் இழுக்கும். ஆல்டர்னேட்டர் சூடேறி வெந்துபோகும். கரண்டைக் கட்டுப்படுத்தித் தரும் டிசி-டிசி சார்ஜர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் அதை வைக்கவே வேண்டாம்.

உங்களிடம் நான் கேட்பது இதுதானுங்க. பேட்டரி விலை சொல்லும் முன் வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஆல்டர்னேட்டர் வயரில் மாட்டிப் பாருங்கள். ஐட்லிங்கில் பேட்டரியில் எத்தனை வோல்ட், முழுச் சத்தத்தில் ஆம்ப் டெர்மினலில் எத்தனை வோல்ட், வயர் சைஸ் என்ன, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், எங்கே இருக்கிறது என்ற விவரத்தைப் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். கடையில் மீட்டர் இல்லையென்றால் என் பட்டறைக்கு வண்டியை அனுப்புங்கள். காசு வேண்டாம், அளந்து எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
பெருந்துறைப் பக்கத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன்