பிறப்புரிமையும் அதிபரின் பேச்சும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க மண்ணில் பிறந்தோரைக் குடிமக்களாக ஏற்கும் 14-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1868-இல் நடைமுறைக்கு வந்தது. சீனப் பெற்றோருக்கு சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க்கின் வழக்கில், 1898-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதனை அதிபர் டிரம்ப், 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு, ஓர் ஆணையால் சுருக்க முனைந்தார். எச்1பி எனும் தற்காலிகப் பணி விசாவில் அங்கு வேலை செய்யும் நம்மவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளும், அந்த ஆணையின் வாசகப்படி, இவ்வுரிமை மறுக்கப்படுவோரில் அடங்குவர். உலகில் அமெரிக்கா மட்டுமே இவ்வுரிமையை வழங்குகிறது என்று அவர் சொன்னதும் உண்மையன்று, அண்டை நாடுகளான கனடாவும் மெக்சிகோவும் வழங்குகின்றன (அவருக்குத் தெரியாமலா இருக்கும்?). பதவியேற்புக்கு மூன்று நாள் முன்பு தம் பெயரில் கிரிப்டோ எனும் மின்னணு நாணயம் வெளியிட்டு, அதை மிகுதியாக வைத்திருந்தவர்களுக்கு விருந்தும் அளித்த ஒருவர், குடியுரிமையின் மதிப்பைக் காக்கவே ஆணையிட்டதாகக் கூறுவதை என்னால் நம்ப இயலவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை.